கிணற்றடிக்கு வந்த மணல்

எங்கள் வயதுக்காரருக்கு இப்போது ஆளுக்கொரு படம் இருக்கிறது. கல்யாணப் படமல்ல, எக்ஸ்ரே படம். முன்பெல்லாம் சந்தித்தால் பிள்ளைகளின் படத்தைக் காட்டினோம், பிறகு பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டினோம். இப்போது முழங்காலையும் முதுகெலும்பையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறோம். என்னுடையது பாதம். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, நானும் உங்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

படத்தைப் பார்த்த டொக்டர் இளம்பிள்ளை. என் கடைசி மகனைவிடச் சின்னவராக இருப்பார். "அம்மா, இந்தப் புது வெடிப்புப் பெரிசில்லை. ஆனா இஞ்சை பழைய முறிவு ஒண்டு கிடக்கே. சின்னனிலை நடந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நல்லா வந்திருக்கு. இப்பிடி முறிஞ்சால் பாதம் விறைச்சுப்போறதுதான் வழமை. ஆர் உங்களை நடக்கப் பழக்கினது?"

"அம்மன் எண்டுதான் எங்கடை வீட்டிலை சொல்லுறவை" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு நேரான பதில் அன்றும் தெரியாது, இன்றும் பாதிதான் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். குழம்பின ஆள் தனியே குழம்பியிருக்கக் கூடாது, நாலு பேரையும் சேர்த்துக் குழப்பவேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வன்னியில் விசுவமடுப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு மாமி. மாமி அப்பாவின் தமக்கை. புருஷன் இறந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவா. அப்பா அவாவுக்கு எதிரே கதிரையில் இருக்கமாட்டார். அம்மா அவாவுக்கு எதிரே சத்தமாகச் சிரிக்கமாட்டா.

மாசியில் காலபோக நெல்லை வெட்டி, களத்தில் சூடடித்த நாள். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு வயது. உழவு இயந்திரம் கதிரின் மேல் சுற்றிச் சுற்றி ஓட, டீசல் மணமும் புது வைக்கோல் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கை அரிக்கும். சூடடித்து முடிந்ததும் நெல்மூட்டைகளை ஏற்ற இயந்திரத்தின் பின்பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வைக்கோலுக்குள் ஒளித்திருந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை, நானாகவே ஒளித்து நானாகவே விளையாடினேன். பெட்டி பின்னுக்கு வந்தபோது, அதன் சில்லு என் இடது பாதத்தில் ஏறி இறங்கியது. கீழே வைக்கோல் மெத்தைபோலக் கிடந்ததால் பாதம் நசியவில்லை, முறிந்தது. நோவு பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அப்பாவின் குரல்.

அதே பெட்டியில், நெல்மூட்டைகளைத் தள்ளிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியில்தான் அப்பா அதைச் சொன்னார். மனதுக்குள் சொல்லியிருந்தால் அம்மனோடும் அவரோடும் போயிருக்கும். அவரோ இயந்திரச் சத்தத்தையும் மிஞ்சி, வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மாளே, என்ரை பிள்ளையைக் கால் ஊண்ட வை. வைகாசிப் பொங்கலண்டு உன்ரை வாசலுக்குக் கொண்டுவாறன். முதல் அடி உன்ரை மண்ணிலைதான் வைப்பாள். அதுக்கு முந்தி வேறை மண் மிதியாள்."

முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்த மனுசன் கூடக் கொடுத்துவிட்டார். பெட்டியில் மாமி இருந்தா. கேட்டா. கையெடுத்துக் கும்பிட்டா. அதோடு அது நேர்த்தியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நேர்த்தி என்றால் உங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்யவேண்டும். கூட்டலாம், குறைக்கக் கூடாது. அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலோ மாசியிலிருந்து எட்டாத தூரத்தில் கிடந்தது.

பிளாஸ்டருக்குள் கால் இருந்தவரைக்கும் ஒரு சிக்கலும் வரவில்லை. கடித்தால் சொறிய ஈர்க்கு இருந்தது. பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் கொண்டுவந்தார்கள். நேர்த்தி தன்பாட்டில் நடந்தது.

பிளாஸ்டரை வெட்டிய நாளில்தான் குழப்பம் தொடங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டருக்குப் பதில் அப்போதிக்கரி ஐயாதான் இருப்பார். அவர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். தோல் உரிந்து, வெளிறி, பக்கத்துக் காலின் தம்பிபோல மெலிந்து கிடந்தது. எனக்கே அது என் கால் என்று நம்பமுடியவில்லை. அவர் அம்மாவிடம் சொன்னார், "எலும்பு பொருந்தீட்டுது. இனி நடக்க விடுங்கோ. கொஞ்சங் கொஞ்சமா. படுக்கவைச்சால் விறைச்சுப்போம், பேந்து ஆயுளுக்கும் நொண்டிதான்."

அம்மா வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னா. அப்பா முகம் கறுத்தது. அவர் பதில் சொல்லமுன் மாமி சொன்னா, "எலும்பைப் பொருத்தினது ஆர்? அவரோ, அம்மாளோ? தந்தவளுக்குச் சொன்னதைச் செய்யாட்டித் தந்ததைத் திருப்பி எடுப்பாள்." அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தபடி, "வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். பொங்கல்தானே, வந்திடும்" என்றார். அம்மா குசினிக்குள் போய் அடுப்பை ஊதினா. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நான் நிலம் மிதியாத பிள்ளை. அப்பா தூக்கிக்கொண்டு போய்க் கதிரையில் வைப்பார். அவர் இல்லாதபோது சாக்கில் இருத்தி இழுப்பார்கள். சாக்கில் போகிறவள் மகாராணிபோல இருப்பாள் என்று நினைப்பீர்கள். பழைய நெற்சாக்குச் சுணை உடம்பெல்லாம் கடிக்கும். மகாராணி சொறிந்துகொண்டே ஊர்வலம் போனாள்.

சித்திரை வெயில். அப்பா மிளகாய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். மத்தியானம் சாப்பிட்டபின் மாமி வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முன்விறாந்தையில் சரிந்தால், பொழுது சாயும்வரை எழும்பமாட்டா. அப்படி ஒரு மத்தியானம் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னால் போனா. என்னைத் தன்னைப் பார்த்தபடி பிடித்து, என் இரண்டு பாதத்தையும் தன் இரண்டு பாதத்தின் மேல் வைத்தா. பிறகு பின்னுக்கு ஓரடி வைத்தா. நானும் ஓரடி வைத்தேன்.

"அம்மா, நேர்த்தி?" என்றேன்.

"உன்ரை கால் எங்கை நிலத்திலை பட்டது? என்ரை காலிலையெல்லே படுது. இது நடக்கிறதில்லை."

"அப்ப இது என்ன?"

"இது ஒண்டுமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வா."

அந்த ஒன்றுமில்லாத வேலையை ஒவ்வொரு மத்தியானமும் செய்தோம். அம்மாவின் பாதத்தின் மேற்புறம் வியர்த்து வழுக்கும். அடுப்புச் சாம்பல் மணம் வரும். என் கணுக்கால் பூட்டுப்போட்டதுபோல இறுகிக் கிடந்தது, மடிக்கும்போது உயிர் போகும். அழுதால் மாமி எழும்புவா என்று அம்மா தன் சேலைத் தலைப்பை என் வாயில் கடிக்கத் தந்தா. நான் கடித்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவா என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பா. அங்கே யாரோடோ வழக்குப் பேசுவதுபோல உதடு அசையும்.

கொஞ்ச நாளில் அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த கட்டத்துக்கு அப்பாவின் பழைய ரப்பர்ச் செருப்பு வந்தது. அதை என் காலில் சணல் கயிற்றால் கட்டினா. "இப்பவும் கால் நிலத்திலை படேல்லை. செருப்பிலைதான் படுது" என்றா. அம்மாவின் சட்டம் அப்படி. அவா ஏழாம் வகுப்போடு நின்றவா. படித்திருந்தால் கோட்டில் வழக்காடும் பெரிய அப்புக்காத்தாக வந்திருப்பா.

பின்னேரம் அப்பா வந்து செருப்பைத் தேடினார். "நாய் கொண்டுபோட்டுது போலை" என்றா அம்மா. எங்கள் நாய் பாவம், கதிரைக்குக் கீழே படுத்திருந்தது. பேச்சும் வாங்கியது, மாமியிடம் விளக்குமாற்றடியும் வாங்கியது. அப்பா மறுநாள் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனார். புதுச் செருப்பு அடுத்த மிளகாய் விற்றபிறகுதான் என்றார். அந்தச் செருப்பை இன்றைக்கும் என் காலால் நினைக்கிறேன். குதிப்பக்கம் தேய்ந்து, பெருவிரல் இடத்தில் அப்பாவின் விரல் அளவுக்குக் குழி இருந்தது. என் விரல் அந்தக் குழிக்குள் விழுந்து தனியே கிடக்கும்.

ஒரு காலை ஐஸ்பழக்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் கதிரையில் இருந்தேன். மத்தியானப் பழக்கத்தில் கை ஊன்றி எழும்பி, காலைக் கீழே வைக்கப் போனேன். மாமி பார்த்துக்கொண்டிருந்தா. எங்கிருந்தோ பாய்ந்துவந்து அம்மா என் கன்னத்தில் அறைந்தா. "நேர்த்தியை முறிக்கப் பாக்கிறியோ?" என்று கத்தினா. அம்மா என்னை அதற்குமுன் அடித்ததில்லை. மாமி திருப்தியாகத் தலையாட்டினா.

அன்று மத்தியானமும் அம்மா செருப்பைக் கொண்டுவந்தா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் கால் ஊன்றினால் குற்றம், மத்தியானத்தில் ஊன்றாவிட்டால் குற்றம். எனக்கு இரண்டு அம்மாக்கள் இருப்பதாகவும், காலையில் இருப்பவளுக்கு மத்தியானத்தில் வருபவளைத் தெரியாதென்றும் நினைத்தேன். என் காலும் இரண்டு என்று நினைத்தேன். ஒன்று நடக்கத் தெரிந்தது, மற்றது தெரியாதது. "எனக்கு நடக்கேலுமோ, ஏலாதோ?" என்று அம்மாவிடமே கேட்டேன். அவா குந்தியிருந்து என் காலுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்தா. பூசின கையாலேயே கண்ணைத் துடைத்தா, எண்ணெய் கண்ணுக்குள் போய் இன்னும் கரித்தது.

செருப்பு ஒருநாள் அறுந்தது. அம்மா அறுந்த வாரை முடிச்சுப் போட்டுப் பார்த்தா, முடிச்சு நிற்கவில்லை. பிறகு இரண்டையும் கழற்றி வைக்கோல் போருக்குள் செருகினா. அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் கை இரண்டையும் பிடித்து, "வா" என்றா. மண் சுட்டது. நான் வெறுங்காலோடு குசினிப் பின்பக்கத்திலிருந்து கிணற்றடிவரை போனேன். போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், அம்மா பாதிவழியிலேயே கையை விட்டிருந்தா.

அப்போதுதான் வேலிப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. முல்லைத்தீவிலிருந்து வரும் துணி வியாபாரி. சைக்கிள் காரியரில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற முஸ்லிம் மனிதர், நாங்கள் நானா என்போம். என்னை முழுதாகக் கண்டுவிட்டார்.

"மாஷா அல்லாஹ், புள்ள நடக்குதே" என்றார். ஊரில் எல்லோருக்கும் நேர்த்தி தெரியும், அவருக்கும் தெரியும்.

அம்மா வேலியடிக்குப் போய் மெல்லச் சொன்னா, "நானா, கண்டதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. இவரின்ரை தமக்கை அறிஞ்சால் நான் இந்த வீட்டிலை இருக்கேலாது. பிள்ளைக்கு ஏதும் வந்தாலும் என்னைத்தான் சொல்லுவினம்."

"நான் என்னத்தைக் கண்டன் தங்கச்சி? ஒண்டும் காணேல்ல" என்று சொல்லி சைக்கிளைத் திருப்பினார். அம்மா அன்று முழுக்க விறைத்தபடி திரிந்தா. சோற்றில் உப்புப் போட மறந்து, பிறகு இரண்டு தரம் போட்டா. வேலிப் படலை கிறீச்சிட்ட போதெல்லாம் திடுக்கிட்டா. நான் நடந்ததுதான் காரணம் என்றுமட்டும் எனக்குத் தெரிந்தது. நடப்பது அவ்வளவு பெரிய குற்றமென்றால் ஏன் எனக்குப் பழக்கினா என்று தெரியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டொரு நாள் கழித்து அப்பா ஒரு வண்டில் ஆற்றுமணல் கொண்டுவந்தார். நெருஞ்சியை மண்வெட்டியால் செருக்கி அள்ளிவிட்டு, குசினிப் பின்பக்கத்திலிருந்து கிணற்றடிவரைக்கும் மணலைப் பரவினார்.

"என்னத்துக்கடா இது?" என்று மாமி கேட்டா.

"கிணத்தடி சேறாக் கிடக்கு, அக்கா."

"மழையே இல்லை, சேறாம். வெயிலுக்கு மூளை உருகிப்போச்சு உனக்கு."

அப்பா மணலைக் கையால் தடவித் தடவி மட்டமாக்கினார். ஒரு கல்லைக் கண்டால் எடுத்து எறிந்தார். அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. அம்மன் தன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டா என்றே அவா நினைத்திருக்கவேண்டும், அன்றைக்கு அப்பாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தா. அந்த மணலில் என் மத்தியானங்கள் சுகமாகப் போயின. பாதம் புதையும், எடுத்து வைக்கச் சிரமம், ஆனால் விழுந்தால் நோகாது. வைகாசி பிறக்கும்போது நான் கிணற்றடிக்கு ஓடிப்போய்த் திரும்பி ஓடிவரத் தொடங்கியிருந்தேன்.

பொங்கலுக்கு முதல்நாள் அம்மா புதுக் கட்டளை போட்டா. "அங்கை நல்லா நடந்து காட்டிப்போடாதை. கெந்திக் கெந்தி நட. ரெண்டடி வைச்சிட்டு விழுமாப்போலை நில்." இவ்வளவு காலமும் கெந்தாதே, நொண்டாதே, காலை நேராக வை என்று பழக்கியவா, இப்போது கெந்தப் பழக்கினா. மணலில் அதையும் ஒத்திகை பார்த்தோம். எனக்குக் கெந்த வரவில்லை. அம்மா கோபித்தா, பிறகு தன்னை மறந்து சிரித்தா, பிறகு வாயைப் பொத்திக்கொண்டா.

கோயிலுக்கு அதே உழவு இயந்திரப் பெட்டியில்தான் போனோம். பொங்கல் புகையும் கற்பூரமும் சனத்தின் வியர்வையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. அப்பா என்னைத் தோளில் சுமந்து வாசல்வரை கொண்டுவந்தார். ஊர்ச்சனம் வட்டமாக விலகி நின்றது. மாமி முன்னுக்கு நின்று கை கூப்பினா. அம்மா பின்னுக்கு, ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றா.

அப்பா என்னை இறக்கினார். குனிந்து என் காதுக்குள் சொன்னார், "உனக்குத் தெரியுந்தானே, பிள்ளை. பயப்பிடாமல் நட."

என்ன தெரியும் என்கிறார்? தெரியும் என்று தலையாட்டினால் அம்மா அகப்படுவா. தெரியாது என்றால் அம்மன் வாசலில் பொய். நான் அம்மாவைத் தேடினேன், தூண்தான் தெரிந்தது. காலை வைத்தேன். சொல்லித்தந்தபடி கெந்தினேன். இரண்டாம் அடியில் விழப்போனேன், உண்மையாகவே விழப்போனேன், ஏனென்றால் எது நடிப்பு எது நடை என்று அந்த நேரத்தில் என் காலுக்கே தெரியவில்லை. சனம் "அம்மாளே" என்றது. திரும்பிப் பார்த்தபோது அப்பா ஒரு குழந்தைபோல விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். அவரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு வெந்தது. பாவம் மனுசன், ஒன்றும் அறியாமல் அழுகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு வளர்ந்தேன்.

மாமி அந்தக் கதையைச் சாகும்வரை சொன்னா. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம், தண்ணீர் வரிசையில் நின்றபோதும், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோதும் சொன்னா. "அம்மாள் நடக்கவைச்ச பிள்ளை இவள்தான்" என்று என் பாவாடையை உயர்த்திக் காலைக் காட்டுவா. அம்மா அங்கே இருந்தால் ஏதோ வேலை நினைவு வந்தவள்போல எழும்பிப் போய்விடுவா. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் இருவரும் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்து நான் கேட்டதில்லை. முதலில் அப்பா போனார், பிறகு மாமி, பிறகு அம்மா. கேட்பதற்கு ஆளில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் முல்லைத்தீவில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கடைக்குள் ஒரு கதிரையில் மெலிந்த கிழவர் ஒருவர் இருந்தார். கடைக்காரரின் தகப்பன், தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கனகாலம் இருந்து திரும்பி வந்தவர். விசுவமடு என்றதும் என்னை உற்றுப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். அந்தத் துணி வியாபாரி நானாதான் அவர்.

"நான் ஒரு பிழை விட்டனான் புள்ள" என்றார். "சொல்லமாட்டன் எண்டு உங்கட அம்மாட்டச் சொல்லிப்போட்டு, அந்தக் கையோட தோட்டத்தடியில உங்கட அப்பாவக் கண்டன். சந்தோசத்தில வாய் கேக்கேல்ல. புள்ள நல்லா நடக்குது எண்டிட்டன்."

நான் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். "அப்பா என்ன சொன்னவர்?"

"கையில கிடந்த மண்வெட்டியக் கீழ போட்டார். வீட்டில சண்டை வரப்போகுது எண்டு நான் பயந்துபோனன். பேந்து கேட்டார், எந்தப் பக்கத்தால நடக்கிறாள் எண்டு. கிணத்தடிப் பக்கம் எண்டன். 'அங்கை நெருஞ்சி எல்லே கிடக்கு' எண்டார்."

நான் வாங்க வந்த துணியை மறந்துபோனேன்.

"'எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பயந்து நிப்பாட்டிப்போடுவா' எண்டும் சொன்னவர். ஆசையில்லையா, போய் ஒருக்காப் பாருங்களன் எண்டு நான் கேட்டன். 'இல்லை நானா, நான் வாய்விட்டுச் சொன்னனான், நான் பாக்கிற முதல் அடியாவது அங்கை இருக்கட்டும்' எண்டார்."

தோட்டத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம். அந்தச் சித்திரை வெயிலில், வெறுங்காலோடு, ஒரு மத்தியானம்கூட அவர் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று முதலில் எழும்பிய நினைப்பு, சொல்ல அம்மா இல்லை என்ற இடத்தில் முட்டி நின்றது. அம்மா அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்ற பயத்தோடேயே செத்துப்போனா.

யார் என்னை நடக்கப் பழக்கினது என்ற கேள்விக்கு, டொக்டர் தம்பி, இவ்வளவுதான் என்னிடம் உள்ள பதில். அம்மனும் இதில் இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது. மற்றக் குழப்பங்களோடு நான் வாழ்ந்துவிடுவேன். ஒன்றுதான் இன்னும் நோகிறது. அந்த மனுசன் அவ்வளவு நாளும் காத்திருந்து, என் நடையை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நானோ ஓடத் தெரிந்த காலோடு, அவருக்குக் கெந்திக் காட்டினேன்.